செவிட்டுக்காத்து

கொண்டல், கச்சான், வாடை, சோழகம் என்று காற்றுக்கெல்லாம் பெயர் வைத்து, எந்தக் காற்றில் எந்த மீன் படும், எந்தக் காற்று தாலியை அறுக்கும் என்று பிள்ளைகளுக்குப் பாலோடு சேர்த்து ஊட்டிவிடுகிற ஓலைத்துறையில், எந்த மாதத்துக்கும் எந்தத் திசைக்கும் சொந்தமில்லாத ஒரு காற்று முதன்முதலாக அடித்தது எமரன்சியின் ஜெராக்ஸ் கடையில்தான். அது ஒரு தென்னங்கீற்றை அசைக்கவில்லை, ஒரு பிடி மணலைக் கிளப்பவில்லை. ஒரு பொம்பளை தன்னை மறந்து முணுமுணுத்த மெட்டிலிருந்து கிளம்பி, அந்தத் தெருவில் இருந்த சத்தத்தையெல்லாம் வாரிச் சுருட்டிக்கொண்டு போனது.

எமரன்சிக்கு அப்போது ஐம்பதை நெருங்கிய வயது. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபின் தம்பி டென்சிலை ஆளாக்குவதிலேயே கல்யாண வயது கடந்துவிட, பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஜெராக்ஸ், செல்போன் ரீசார்ஜ் என்று ஒரு கடை போட்டுக்கொண்டு, தம்பியோடும் தம்பி பெண்டாட்டி ஜெயசீலியோடும் ஒரே வீட்டில் இருந்தாள். அன்றைக்குக் காலையில் யாருக்கோ ரேஷன் கார்டைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தவளுக்கு, எங்கிருந்தோ ஒரு மெட்டு வந்து நாக்கில் உட்கார்ந்தது. வார்த்தை இல்லாத மெட்டு. சின்னப் பிள்ளையாக இருந்தபோது டிவியில் சிறுவர் நிகழ்ச்சி தொடங்கும்முன் வாசிக்கிற மெட்டு. படிப்படியாக ஏறி, மேலே ஒரு படியில் கால் வைத்து, அங்கேயே நின்றுவிடும். அதற்குமேல் அவளுக்குத் தெரியாது. அந்தப் படியில் அவள் வந்து நின்றதும் மெஷினின் இரைச்சல் நின்றது. ஆனால் மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வெளியே பஸ் சத்தமில்லாமல் நடுங்கியது. மின்கம்பத்துக் காக்கை வாயைத் திறந்து திறந்து மூடியது. கார்டு கொண்டுவந்தவர் உதட்டை அசைத்தார். பிறகு ஒரே விழுங்கில் எல்லாச் சத்தமும் திரும்ப வந்தது. எமரன்சி தன் காது அடைத்துக்கொண்டது என்று நினைத்தாள், அவரும் தன் காது என்று நினைத்தார், இருவருமே வெளியே சொல்லவில்லை.

சொல்லாமல் வைத்திருக்க முடிந்தது கொஞ்ச நாள்தான். அம்மை பரவுகிற மாதிரி அந்த மெட்டு ஊருக்குள் பரவியது, அதுவும் எமரன்சியின் வயதுக்காரர்களை மட்டும் தேடித்தேடிப் பிடித்தது. கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் முணுமுணுத்தார், கடற்கரை சத்தமற்றுப் போனது. பள்ளிக்கூடத்தில் கணக்குப் போட்டுக்கொண்டே டீச்சர் முணுமுணுத்தார், எல்லா வகுப்பும் ஊமையாயின. வேண்டுமென்று பாடினால்தான் என்றில்லை. டீயை ஆற்றும்போது, தலை பின்னும்போது, தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவிலே அது தானாக வந்தது, தானாக ஏறியது, அந்தப் படியில் வந்து நின்றது. நின்றதும் மெளனம் விழுந்தது. ஊர்க்காரர்கள் அண்ணாந்து பார்த்து, சரி, இதுவும் ஒரு காற்று என்று முடிவு செய்து, செவிட்டுக்காத்து என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்தபிறகு அதில் பயப்பட என்ன இருக்கிறது?

நாய்கள்தான் முதலில் பழகிக்கொண்டன. குரைப்பை நடுவில் நிறுத்தி, காதை மடித்து வைத்து, சத்தம் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து குரைத்தன. பிறகு மனிதர்கள் பழகினார்கள். மீன் ஏலக்காரர் விரலால் விலை கேட்கக் கற்றுக்கொண்டார். பூசையில் அப்பத்தை உயர்த்தும் நேரத்தில் செவிட்டுக்காத்து அடித்தால் பங்குச்சாமியார் அதை அருள் என்று எடுத்துக்கொண்டு கையை இறக்காமல் நின்றார். பள்ளிவாசலில் பாங்கு நடுவில் அறுந்தால் மோதினார் பொறுத்திருந்து முதலிலிருந்து சொன்னார். கைக்குழந்தைக்காரிகள், அடித்தால் நல்லது, பிள்ளை கொஞ்சம் அசந்து தூங்கும் என்று காத்திருந்தார்கள். இதற்கெல்லாம் மேலே இன்னொரு பழக்கமும் மெல்ல வந்து சேர்ந்தது. வாய்விட்டுச் சொல்ல முடியாததையெல்லாம் ஜனங்கள் அந்த மெளனத்துக்குள் சொல்லத் தொடங்கினார்கள். மாமியாருக்கு எதிரே நின்று மருமகள் உதட்டை அசைப்பாள். கடன்காரனைப் பார்த்துக் கடன் கொடுத்தவன் அசைப்பான். முப்பது வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியதை அடுத்தவன் பெண்டாட்டியைப் பார்த்து ஒருவன் சொல்லிவிட்டு, சத்தம் திரும்பியதும், மழை வருமா என்று கேட்பான். யாருக்கும் எதுவும் கேட்காது என்பதால் யாரும் யாரையும் கோபித்துக்கொள்ளவில்லை. அந்த வருஷம் ஓலைத்துறையில் சண்டை குறைவு.

மெட்டு எதிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கும் வேலையும் கூடவே நடந்தது. அந்தக் காலத்தில் ஊரில் டிவி இருந்தது ஐஸ் கம்பெனிக்காரர் வீட்டில் மட்டும்தான். மொட்டைமாடியில் தென்னை உயரத்துக்குக் குழாய் நட்டு, ஆன்டெனாவைக் கடலைப் பார்த்துத் திருப்பியிருந்தார்கள். நம் பக்கத்துப் படம் எடுக்காது. கடலுக்கு அந்தப் பக்கத்துப் படம்தான், புள்ளியும் கோடுமாக, பாதிக்குமேல் புரியாத பாஷையில் வரும். ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் பொழுது சாய்கிற நேரத்தில் அங்கே கூடுவார்கள். இதுவரைக்கும் எல்லாருக்கும் ஒரே ஞாபகம். இதற்குமேல் ஒருவர் ஞாபகம் மற்றவருக்கு ஒத்துவரவில்லை. குடை பிடித்த பொம்மை யானை வரும் என்றார் ஒருவர். யானை இல்லை, தாடிவைத்த கிழவன், கையில் அரிக்கேன் விளக்கு என்றார் இன்னொருவர். புல்லாங்குழல் என்றும் மாண்டலின் என்றும் இரண்டு கட்சி பிரிந்து, அண்ணன் தம்பிகள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள். பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லுகிற செயலியிடம் முணுமுணுத்தார்கள். வட்டம் சுற்றிச் சுற்றி, ஒன்றும் கிடைக்கவில்லை என்றது. குவைத்தில் இருக்கும் புருஷனுக்குப் போனில் முணுமுணுத்துக் காட்டினாள் ஒருத்தி. அங்கே அவன் வேலை பார்த்த கட்டடத்தின் மூன்று மாடியும் ஊமையாகிப்போனதாக மறுநாள் தகவல் வந்தது.

எமரன்சிக்குத்தான் முதலில் தெரிந்தது, மெளனம் வரவர நீண்டுகொண்டே போகிறது என்று. முன்பெல்லாம் கண் சிமிட்டுகிற நேரம். பிறகு ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம். பிறகு ஒரு பரலோக மந்திரம் மனசுக்குள் சொல்லி முடிக்கிற நேரம். நீண்டபிறகு இன்னொன்றும் தெரிந்தது. எல்லாச் சத்தமும் போனபிறகு அடியில் ஒரு சத்தம் மிச்சமிருந்தது. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம். சின்னப் பிள்ளையின் மூச்சு. பாடப் போகிறவள் பாடுவதற்கு முன்னால் இழுப்பாளே, அப்படி. இழுத்து, இழுத்து, நெஞ்சு நிறைந்து, சரி, இதோ இப்போது என்று எமரன்சி காதைத் தீட்டிக்கொள்ளும்போது, தடாலென்று ஊர்ச்சத்தம் வந்து விழுந்துவிடும். வேறு யாருக்காவது கேட்கிறதா என்று விசாரித்தாள். எல்லாருக்கும் கேட்டது. ஆளாளுக்கு அது தனக்கு மட்டும் என்று நினைத்து ஒளித்து வைத்திருந்தார்கள்.

ஜெயசீலிக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, வேளாங்கண்ணிக்கும் ஏர்வாடிக்கும் நடந்து, இனி இல்லை என்று எல்லாரும் கைவிட்டபிறகு வயிற்றில் தங்கியது. வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று பகலில், பிரசவ அறைக்கு வெளியே பெஞ்சில் எமரன்சி உட்கார்ந்திருந்தாள். வாயில் கைக்குட்டையைத் திணித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஜெயசீலி கத்திய கத்தலைக் கேட்டு, கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தாள். அந்தச் சின்ன நேரத்துக்குள் மெட்டு வந்துவிட்டது. பல்லைக் கடித்தாள், மெட்டு மூக்கு வழியாக ஏறியது. படியில் வந்து நின்றது. அதுவரை அடித்ததிலேயே பெரிய செவிட்டுக்காத்து அதுதான். தள்ளுவண்டி சத்தமில்லாமல் போயிற்று. விசிறி சத்தமில்லாமல் சுற்றிற்று. அந்த மூச்சு மட்டும் இழுபட்டுக்கொண்டே இருந்தது. கதவு திறந்து நர்ஸ் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குழந்தை வாயைக் கிழியத் திறந்து, முகம் சிவந்து, அழுதுகொண்டிருந்தது. பிறகு தள்ளுவண்டிக்குச் சத்தம் வந்தது, விசிறிக்கு வந்தது, சுவரில் பல்லிக்கு வந்தது. குழந்தைக்கு வரவில்லை.

தொண்டையில் குறையில்லை, காதில் குறையில்லை என்றார்கள் டாக்டர்கள். பசித்தால் பெண்குழந்தை வாயைத் திறந்தது. யாராவது முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் அழுவது தெரியும். ஆகவே ஜெயசீலி பார்த்துக்கொண்டே இருந்தாள். குளிக்கவும் தூங்கவும் போகாமல் பார்த்தாள். மதினியை ஒரு சொல் குறை சொல்லவில்லை. ஒருநாள் தெருவில் யாரோ முணுமுணுத்து மெளனம் விழுந்தபோது, அடுப்படியில் எமரன்சிக்கு நேர் எதிரே வந்து நின்று, அமைதியான முகத்தோடு, நிதானமாக, நெடுநேரம் உதட்டை அசைத்தாள். சத்தம் திரும்பியதும், "சோறு போடவா மதினி?" என்று கேட்டாள்.

எமரன்சி சாப்பிடவில்லை. கடையைத் திறக்காமல் நேராக நூகுவின் பரோட்டா கடைக்குப் போனாள். நூகு ஐஸ் கம்பெனிக்காரரின் மகன், அவளோடு ஒரே பெஞ்சில் படித்தவன். கம்பெனி மூடிப்போனபின் பரோட்டா போட்டுப் பிழைத்தான். மாவுக்கையோடு வந்து உட்கார்ந்தான்.

"யானையா கிழவனாங்குறதெல்லாம் எனக்கு வேணாம், நூகு. அந்த மெட்டு எப்பிடி முடியும்? அத மட்டும் சொல்லு."

"எப்பிடிப் புள்ள சொல்ல? நாம அத முழுசாக் கேட்டதே இல்லியே" என்றான் நூகு. அந்த நேரத்தில்தான் வாப்பா கம்பெனியில் பெரிய மோட்டாரைப் போடச் சொல்வார், மோட்டார் ஏறினால் தெருவுக்கே கரண்ட் இறங்கிப்போகும், டிவி பொட்டாகச் சுருங்கி அணைந்துவிடும், தினமும் அப்படித்தான் என்றான். திரும்பக் கரண்ட் நிமிர்ந்து படம் வரும்போது மெட்டு முடிந்து நிகழ்ச்சியே பாதி போயிருக்கும்.

எமரன்சிக்கும் அந்த இருட்டு ஞாபகம் வந்தது. கடற்கரைத் தெருவே கருத்துப்போகிற இருட்டு. "அத்தன புள்ளைங்க இருட்டுல கிடந்தோமே, கத்துனோமா?"

நூகு யோசித்தான். "கத்தல."

"ஏன் கத்தல?"

கல்லில் போட்டிருந்த பரோட்டா கருகுகிற வாடை வந்தது. நூகு எழுந்து போகவில்லை. "வாசல் நடைல ஒரு புள்ள உக்காந்திருக்கும்" என்றான் மெதுவாக. "பச்சைக் கவுனு. அந்தப் புள்ளதான் மீதியப் பாடும்."

அப்படிச் சொன்ன உடனே எமரன்சிக்கும் தெரிந்துவிட்டது. எப்போதும் தெரிந்தே இருந்த மாதிரி இருந்தது. கடலுக்கு அந்தப் பக்கத்தில் ஊர் எரியத் தொடங்கியபோது தோணி தோணியாக வந்து இறங்கினார்களே, மீன் கிடங்கில் தங்க வைத்திருந்தார்களே, அதில் ஒரு பிள்ளை. வீட்டுக்குள் வராது, நடையோடு நிற்கும். கரண்ட் போனதும் மூச்சை இழுத்து, விட்ட இடத்திலிருந்து மெட்டைப் பிடித்துக்கொண்டு போகும். பிறகு ஒருநாள் லாரி வந்து எல்லாரையும் உள்நாட்டு முகாமுக்கு ஏற்றிக்கொண்டு போனது. அன்று மாலை முதல் யாரும் பாடவில்லை. இருவரும் எழுந்து வீடுவீடாகப் போய் வயதொத்தவர்களிடம் கேட்டார்கள். பச்சைக் கவுன் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. முழங்கால் தழும்பு ஞாபகம் இருந்தது. பெயர்தான் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. அகதிப்பிள்ளை என்று கூப்பிட்டதால் பெயரை யாரும் கேட்டிருக்கவில்லை.

பெயர் தெரியாத ஒருத்தியைத் தேடி எமரன்சி ஊர் ஊராக, முகாம் முகாமாகப் போனாள். அவளிடம் இருந்த அடையாளம் அரை மெட்டுதான். முகாமுக்குள் நுழைந்து, குழாயடியில் நின்று, தண்ணீர் பிடிக்கிற பெண்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே முணுமுணுப்பாள். படியில் வந்து நிற்பாள். செவிட்டுக்காத்து விழும், குடத்தில் தண்ணீர் சத்தமில்லாமல் நிறையும், பெண்கள் பயந்து பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொள்வார்கள். சத்தம் திரும்பியதும் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்த பஸ் ஏறுவாள். கடைசியில், மேற்கே மலையடிவாரத்தில், கடலைப் படத்தில் மட்டுமே பார்த்த ஊர் ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்த முகாமில், தகரக்கூரை வீடுகளுக்கு நடுவே நின்று முணுமுணுத்தாள். படியில் வந்து நின்றாள். மெளனம் விழவில்லை. ஒரு சுவருக்குப் பின்னாலிருந்து, பாத்திரம் தேய்க்கிற சத்தத்தோடு சேர்ந்து, மெட்டு மேலே போயிற்று.

எமரன்சி சுவரைச் சுற்றிப் போய் நின்றாள். சாம்பல் கையோடு ஒரு பெண் குந்தியிருந்தாள். தான் பாடியதே அவளுக்குத் தெரியவில்லை.

"ஆர் நீங்கள்? என்ன வேணும்?"

"ஓலைத்துறைலருந்து வர்றேன். ஐஸ் கம்பெனிக்காரர் வீட்டு நடைல நீங்க உக்காந்திருப்பீங்க. நான் உள்ள உக்காந்திருப்பேன்."

அந்தப் பெண் வெகுநேரம் எமரன்சியின் முகத்தைப் பார்த்தாள். அதில் எந்தப் பிள்ளையின் முகத்தைத் தேடினாளோ. பிறகு கையைக் கழுவிக்கொண்டு, உள்ளே கூட்டிப் போய்த் தேத்தண்ணி கொடுத்தாள். எமரன்சி முதலில் பெயரைக் கேட்டாள். யோகமலர் என்றாள். எமரன்சி மறந்துவிடாமல் இருக்க ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். காற்றை, குழந்தையை, ஜெயசீலியின் உதட்டை. அந்த மெட்டு உங்கள் நாட்டு டிவி மெட்டு, நீங்கள் முழுவதும் கேட்டிருப்பீர்கள், அதன் பெயர் என்ன, எந்த நிகழ்ச்சி என்று கேட்டாள்.

யோகமலர் சிரித்த மாதிரி இருந்தது. "எங்கட வீட்டில டிவியே இருக்கேல்லை அக்கா. நானும் உங்களோடதான் முதல்முதல் பாத்தனான். முதல்ல எல்லாம் கரண்ட் போனா நீங்கள் எல்லாரும் கத்துவீங்கள். கத்தினா அந்த வீட்டுக்காரர் வந்து வெளி ஆக்களை எழுப்பி அனுப்பிடுவாரோ எண்டு எனக்குப் பயம். அதான் மிச்சத்தை நானாக் கட்டிப் பாடினனான்."

ஆக, அந்த மெட்டின் மறுபாதி எந்த நிகழ்ச்சியிலும் இல்லை, எந்த நாட்டிலும் இல்லை. பயந்துபோன ஒரு பிள்ளை இருட்டில் இட்டுக்கட்டியது. அவளுக்கேகூட அது கைவசம் இல்லை. யாராவது முன்பாதியை அந்தப் படியில் கொண்டுவந்து வைத்தால்தான் பின்பாதி வரும் என்றாள். சித்தியோடுதான் தோணியில் வந்ததாகச் சொன்னாள். கொண்டுவந்து இறக்கிவிட்ட அப்பா, அம்மாவையும் தம்பியையும் கூட்டிவரத் திரும்பிப் போனார். பொழுதுபடுகிற நேரமாய்ப் பார்த்து வருவேன் என்றார். வரவில்லை. சித்தியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். இவள் இங்கேயே கல்யாணம் கட்டி, பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்து, தகரக்கூரையின் கீழே இருக்கிறாள். மெட்டுதான் முடிந்துவிட்டதே என்று எமரன்சி டென்சிலுக்குப் போன் போட்டுக் கேட்டாள். குழந்தைக்கு இன்னும் சத்தம் வரவில்லை. விட்ட இடத்தில் வந்துதான் எடுக்க வேண்டும் போல என்று டென்சிலிடமிருந்து போனை வாங்கி நூகு சொன்னான். யோகமலர் முகாமில் அனுமதி வாங்கிக்கொண்டு எமரன்சியோடு பஸ் ஏறினாள்.

ஐஸ் கம்பெனிக்காரர் வீட்டில் அப்போது நூகுவின் மைதா மூட்டைகள்தான் இருந்தன. மூட்டைகளை ஓரம் தள்ளிப் பாய் விரித்தார்கள். பொழுது சாய்கிற நேரத்துக்கு, நரைத்தவர்களும் சொட்டையானவர்களும், சர்க்கரைக்காரர்களும் பல்செட்டுக்காரர்களும் வந்து, அந்தக் காலத்தில் எந்தெந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார்களோ அந்தந்த இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். யானைக்காரர்களும் கிழவன்காரர்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டியதாயிற்று. ஜெயசீலி குழந்தையை மடியில் வைத்துச் சுவரோரம் இருந்தாள். உள்ளே வந்து உட்காரும்படி நூகு யோகமலரை எவ்வளவோ கேட்டான். "இஞ்ச இருந்தாத்தான் எனக்கு வரும் அண்ணை" என்று அவள் நடையிலேயே உட்கார்ந்தாள்.

எமரன்சி தொடங்கினாள். ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். ஆளுக்கொரு சுதியில், ஆளுக்கொரு வேகத்தில் ஏறி, கடைசியில் எல்லாரும் ஒரே படியில் வந்து நின்றார்கள். அப்போது விழுந்த மெளனத்தில் கடலின் இரைச்சலே நின்றது; அலை வந்து மடங்குவதை ஜன்னல் வழியாகப் பார்க்க முடிந்தது, ஒரு துளி சத்தம் இல்லை. பிறகு அந்த மூச்சு. இந்தமுறை அது எங்கிருந்து வருகிறது என்று எல்லாரும் கண்ணால் பார்த்தார்கள். யோகமலரின் நெஞ்சு உயர்ந்துகொண்டே போனது. உயர்ந்து, நின்று, அவள் பாடினாள்.

ரொம்பச் சின்னப் பாட்டு. ஏறியவர்களைக் கைப்பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கிக் கொண்டுவந்து தரையில் விடுகிற மாதிரி. இவ்வளவுதானா என்று சிலருக்குத் தோன்றியது. அவர்களுக்கு அப்படித் தோன்றி முடிவதற்குள் சத்தங்கள் வரத் தொடங்கின.

அத்தனை மாதமாகச் செவிட்டுக்காத்து வாரிக்கொண்டு போனவையெல்லாம், கடைசியாகப் போனது முதலில் என்று வரிசை கட்டித் திரும்பி வந்தன. அலையின் இரைச்சல் வந்தது. குழாயடியில் குடம் நிறைகிற சத்தம் வந்தது, பாதிப் பாங்கு வந்தது, ஏலக்காரரின் குரல் வந்தது. நாய்கள் முழுங்கியிருந்த குரைப்பெல்லாம் வந்தது. ஜனங்கள் மெளனத்துக்குள் பத்திரமாகப் போட்டுவைத்திருந்த பேச்சும் வந்தது. மாமியார் கேட்டாள், கடன்காரன் கேட்டான், பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷனோடு சேர்ந்து அந்தப் பெண்டாட்டியும் கேட்டாள். யாரும் காதைப் பொத்தவில்லை. பொத்தி என்ன ஆகப் போகிறது? அதற்கு நடுவில் ஜெயசீலியின் குரல் நிதானமாக வந்தது: "உங்க நாக்கு அழுகி விழணும் மதினி. எம்புள்ள சத்தத்தத் தின்ன வாய்ல மண்ணு விழணும். நீங்க செத்தாலும் நான் அழமாட்டேன்." அடுப்படியில் நெடுநேரம் அசைந்த உதட்டில் இன்னும் நிறைய இருந்தது. எமரன்சி தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் கேட்டாள். ஜெயசீலி தலையைக் குனியவில்லை.

அடுத்தாற்போல் ஆஸ்பத்திரிச் சத்தம் வந்தது. தள்ளுவண்டி, விசிறி, அப்புறம் வீல் என்று ஒரு அழுகை. அது மெயின் ரோட்டிலிருந்து தெருவுக்குள் திரும்பி, வாசல் ஏறி, யோகமலரைத் தாண்டி, ஆட்களுக்கு நடுவே தடவித் தடவி வந்து, ஜெயசீலியின் மடியில் திறந்துகிடந்த வாய்க்குள் இறங்கியது. குழந்தை கேட்கும்படி அழுதது. ஜெயசீலி அதன் முகத்திலிருந்து கண்ணை எடுத்து, அத்தனை மாதத்தில் முதல்தடவையாக, பயமில்லாமல் வேறு பக்கம் பார்த்தாள். பார்த்துக்கொண்டே கையை நீட்டினாள். எமரன்சி அந்தக் கையைப் பிடிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பிடித்துக்கொண்டாள்.

மேலும் பழைய சத்தங்கள் கொஞ்சம் வந்தன, கடைசியாக எமரன்சியின் ஜெராக்ஸ் மெஷின் இரைந்து ஓய்ந்தது. எல்லாம் முடிந்தது என்று ஜனங்கள் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். கணக்குப்படி அதற்கு முன்னால் தொலைந்த சத்தம் எதுவும் இல்லை. ஆனாலும் இன்னும் ஒன்று வந்தது. கடல் பக்கத்திலிருந்து, தண்ணீர் மேல் தவழ்ந்து, ஒரு ஆண்குரல்.

"மலர்... மலர்... இஞ்ச ஒரு வெளிச்சமும் தெரியேல்லை பிள்ளை... ஒரு விளக்கைக் காட்டு, மலர்..."

நின்றவர்கள் நின்றபடியே இருந்தார்கள். கூடவே பழைய ஐஸ் கம்பெனி மோட்டார் ஏறுகிற சத்தமும், தூரத்தில் ஒரு பிள்ளை இருட்டில் பாடுகிற சத்தமும் கேட்டன. யோகமலர் எழுந்தாள். "ஓம் அப்பா, இந்தா வாறன்" என்றாள். செருப்பில்லாமல் தெருவில் இறங்கி, கடற்கரையைப் பார்த்து ஓடினாள்.

நூகுதான் முதலில் செல்போனை எடுத்து விளக்கைப் போட்டான். பிறகு எல்லாரும் போட்டார்கள். தடுக்கி, மூச்சு வாங்கி, ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் ஓடி, கரை முழுக்க வரிசையாக நின்று கடலைப் பார்த்து வெளிச்சம் காட்டினார்கள். குரல் இன்னும் சிலமுறை கூப்பிட்டது. ஒவ்வொரு முறையும் அவள், இஞ்ச அப்பா, இஞ்சதான் என்று பதில் சொன்னாள். குரல் நெருங்கவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு, தெற்கே விலகிப் போய், நின்றுவிட்டது. வெளிச்சம் விழுந்த மட்டும் வெறும் தண்ணீர்தான் இருந்தது.

யோகமலர் முழங்கால் தண்ணீரில் நின்றாள். எமரன்சி சேலை நனைய இறங்கிப் போய் அவள் பக்கத்தில் நின்றாள். தொடுவதற்குப் பயமாக இருந்தது. பின்னால் குழந்தை அழுதுகொண்டே இருந்தது, யாரும் அதை ஆற்றவில்லை.

"வரேல்லை எண்டுதான் அக்கா இவ்வளவு காலமும் நினைச்சிருந்தன்" என்றாள் யோகமலர், கடலிலிருந்து கண்ணை எடுக்காமல். "வந்திருக்கிறார். நான் உங்களுக்குப் பாடிக்கொண்டு இருந்திருக்கிறன்."

எமரன்சி கையிலிருந்த வெளிச்சத்தை இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கிப் பிடித்தாள்.